சுருங்கிய கிண்ணம்

பொருளைச் சூடாக்கினால் என்ன ஆகும் என்று ஸ்கூல் இன்ஸ்பெக்டர் கோதண்டபாணி கேட்டார். ஐந்தாம் வகுப்பு, என்ன பொருள் என்று அவரையே திருப்பிக் கேட்டது.

அம்புஜவல்லி டீச்சர் இன்ஸ்பெக்டரின் முகத்தைப் பார்த்தாள்.

அவள் வேலை இன்னும் தற்காலிகம்தான். இந்த மனிதர் தலையாட்டினால்தான் நிரந்தரம். விரியும் என்று புத்தகத்தில் இருப்பதைப் பிள்ளைகள் ஒப்பித்திருந்தால் பிரச்சினையே இல்லை.

பெஞ்சிலிருந்து எழுந்து வந்த விருத்தாம்பாள் மேசைமேல் இரண்டு களிமண் கிண்ணங்களை வைத்தாள். இரண்டும் ஒரே அச்சில் வார்த்தவை. ஒன்று வகுப்பிலேயே காய்ந்தது. மற்றது பீங்கான் கம்பெனியில் வேலை பார்க்கும் அவள் அம்மாவோடு போய், அங்கே சூளையில் வெந்து வந்தது.

காய்ந்த கிண்ணத்தின் வாயைச் சுற்றி நூல் பிடித்தாள். அதே நூல் வெந்த கிண்ணத்தில் ஒரு விரற்கடை மிஞ்சியது.

இந்த வகுப்பில் எல்லோருக்கும் ஒரே வேலை கிடையாது. வாசிக்க வருகிறவர்கள் புத்தகத்தைப் பார்க்க வேண்டும். கை நிதானமுள்ள விருத்தாம்பாள் அளக்க வேண்டும். எழுத்துக் கூட்ட வராத கருப்பனுக்கோ, யார் எதைச் சொன்னாலும் நம்பாமலிருப்பதுதான் வேலை. அதில் அவனை அடித்துக்கொள்ள ஆளில்லை. கம்பெனியில் கிண்ணத்தை மாற்றிவிடுவார்களோ என்று அடியில் நகத்தால் கீறி அனுப்பியவன் அவன்தான்.

இன்ஸ்பெக்டருக்கும் ஆசை வந்துவிட்டது. நூலை வாங்கித் தானே அளந்து பார்த்தார். ஏன் இப்படி என்று டீச்சர் பக்கம் திரும்பினார்.

கருப்பன் முந்திக்கொண்டான்.

"டீச்சருக்கே தெரியாதுங்க சார். நாங்கதான் கண்டுபிடிச்சோம்."

இன்ஸ்பெக்டர் நூலைக் கீழே வைத்தார். அவர் முகம் மாறிவிட்டது. தெரியாத பாடத்தையா நடத்துகிறீர்கள் என்று கேட்டார்.

அம்புஜவல்லி கருப்பனைப் பார்த்தாள். அவன் இப்படி நெஞ்சை நிமிர்த்தி நின்று அவள் பார்த்ததே இல்லை.

"இனிமே தெரிஞ்சிக்கிறேங்க சார்."

அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு அவர் ஜீப்பில் ஏறினார். அவளுக்கு அழுகை வந்தது. அடக்கிக்கொண்டு வகுப்புக்குள் போனாள்.

சாயங்காலம் விஷயத்தைக் கேள்விப்பட்ட விருத்தாம்பாளின் அம்மா தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள்.

டீச்சர் வேலைக்குப் படிக்கப் போகும்வரை, அந்தக் கம்பெனியில் இந்த அம்மாவின் பக்கத்தில் நின்று, எது எவ்வளவு சுருங்கும் என்று கணக்குப் பார்த்து அச்சைப் பெரிதாகச் செய்தவள் அம்புஜவல்லி. இது தனக்குத் தெரியும் என்பதைப் பிள்ளைகளிடம் மூச்சு விடக்கூடாது என்று அந்த அம்மாவிடம் அவள்தான் சத்தியம் வாங்கியிருந்தாள்.