மூன்று சுவர்ச் சமையலறை

சமையலறையின் பின்கதவைத் தாழ் நீக்கித் திறந்து பார்த்தார் அவளுடைய வீட்டுக்காரர். கதவுக்குப் பின்னால் பலகை அடித்து அடைத்திருந்தது. ஜன்னலில் தெரிந்த மரமும் வானமும் வெறும் படம்தானா என்று நகத்தால் சுரண்டியும் பார்த்தார்.

"எல்லாம் செட்டு சார். குழாயில தண்ணிகூட வராது" என்றார் லைட்காரர். பதின்மூன்று நாளாகத் தினமும் காலையில் நடக்கிற சோதனை இது. லைட்காரருக்குச் சிரிப்பு வருவதுகூட நின்றுபோயிருந்தது.

மூன்று சுவர், ஒரு பொய்க் கதவு, ஒரு பொய் ஜன்னல். நாலாவது சுவர் இருக்க வேண்டிய இடத்தில் கேமராவும் பத்துப் பதினைந்து ஆட்களும். வீட்டுக்காரருக்குப் பரம திருப்தி.

சமையல் மேடைக்குப் பின்னால் அவள் நீல நிற முழுக்கைச் சட்டையின் மேல் ஏப்ரன் கட்டிக்கொண்டிருந்தாள். வீட்டுச் சமையலறைக்கு நாலு சுவரும் உண்டு, ஜன்னலுக்குக் கம்பியும் உண்டு, வாசலை அடைத்தபடி அவருடைய நாற்காலியும் உண்டு. அவளுடைய இடது புறங்கையில் வாணலி விளிம்பு பதிந்த வடு இருந்தது. உப்பு குறைந்துபோன ஒரு நாளில் அவர் பிடித்து வைத்து அழுத்திய இடம். கேட்டவர்களுக்கெல்லாம் கை தவறிச் சுட்டுக்கொண்டதாகச் சொல்லியிருந்தாள்.

வேறு யார் அவளை டிவி சமையல் நிகழ்ச்சிக்குக் கூப்பிட்டிருந்தாலும் அவர் விட்டிருக்க மாட்டார். ஆனால் கூப்பிட்டது அவருடைய மேலதிகாரியின் மனைவி. அந்த அம்மாள்தான் டைரக்டர். மாட்டேன் என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

இன்று கடைசி நாள்.

"நாளையிலேர்ந்து இந்தக் கூத்தெல்லாம் கிடையாது. வீடுண்டு, நீயுண்டு" என்று காரிலேயே சொல்லிவிட்டார். வழியில் இறங்கி வாசல் கதவுக்குப் புதிதாக ஒரு பூட்டும் வாங்கிக்கொண்டார். அது அவர் கையில் இருந்தது. அவளுடைய போன் எப்போதும்போல அவர் சட்டைப் பையில்.

"சார், இன்னிக்கு நீங்க பக்கத்து ரூம்ல உட்கார்ந்து மானிட்டர்ல பாருங்க" என்றார் டைரக்டர். "நேத்து நடுவுல 'உப்பு'ன்னு கத்தினீங்க. அதுவும் சேர்ந்து ரெக்கார்ட் ஆயிடுச்சு."

"இல்ல மேடம், நான் இங்கேயே ஓரமா..."

"முகம் காட்டுறதெல்லாம் மத்தியானத்துக்குள்ள முடிஞ்சுடும். அப்புறம் பதிமூணு நாளுக்கும் சேர்த்துக் கையை மட்டும் எடுப்போம். அதுக்கு மூச்சு விடுற சத்தம்கூடக் கேட்கக் கூடாது."

"படம் விடாம வருமா?"

"கேமரா ஓடற வரைக்கும் வந்துட்டே இருக்கும் சார்."

மேலதிகாரியின் மனைவி சொல்லி மறுப்பதாவது. போய் உட்கார்ந்தார்.

திரையில் அவள் சிரித்தாள். "இது இருபது நிமிஷம் வேகணும்" என்றாள். உடனே குனிந்து, மேடைக்கு அடியிலிருந்து வெந்த சூப்பை எடுத்து மேலே வைத்தாள்.

"வீட்டுல ஒரு நாளாவது இப்படி நடந்திருக்கா?" என்று டீ கொண்டுவந்தவரிடம் கேட்டார் வீட்டுக்காரர். "சாப்பிட உட்கார்ந்தா அரை மணி நேரம் காக்க வைப்பா."

கடைசியில் அவள் கேமராவை நேராகப் பார்த்தாள். "பதிமூணு நாளா என்னையே பார்த்துட்டு இருந்தீங்க. போதும்னு நினைக்கிறேன். வர்றேங்க."

நன்றாகத்தான் பேசுகிறாள், யார் எழுதிக் கொடுத்தார்களோ என்று நினைத்துக்கொண்டார்.

சாப்பாட்டுக்குப் பிறகு திரை முழுக்கக் கைகள். நீலச் சட்டைக் கை, விரலில் அவர் போட்ட கல்யாண மோதிரம். கேரட் வட்ட வட்டமாக விழுந்தது. வெங்காயம், பீன்ஸ், மறுபடி கேரட். அவர் கண்ணை எடுக்கவில்லை. பாத்ரூமுக்குக்கூட எழுந்து போகவில்லை.

"பாத்தீங்களா? வீட்டுல இவ ஒரே அளவா நறுக்கினதே கிடையாது. கையும் என்ன வழவழன்னு இருக்கு! ஒரு தழும்பு தெரியல."

"டிவி கிச்சன்ல எல்லாமே அழகாத்தான் சார் தெரியும்" என்றார் டீக்காரர். சொல்லிவிட்டுக் காலி டம்ளரை எடுத்துக்கொண்டு வேகமாக வெளியே போனார்.

ஐந்து மணிக்கு 'பேக்கப்' என்று யாரோ குரல் கொடுத்தார்கள். பூட்டைக் கையில் எடுத்துக்கொண்டு வீட்டுக்காரர் செட்டுக்குள் நுழைந்தார். கேமராக்களை ஏற்கெனவே தள்ளிக்கொண்டு போயிருந்தார்கள். நாலாவது சுவர் இருக்க வேண்டிய இடம் தெருப்பக்கத்து கேட் வரைக்கும் திறந்து கிடந்தது. கேட்டில் காய்கறி வண்டி வந்து போன டயர்த் தடம் இருந்தது.

அவள் முதுகைக் காட்டிக்கொண்டு ஏப்ரன் முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். அவருக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"ஆட்டம் போட்டது போதும், கிளம்பு. வீட்டுக்குப் போய் நிஜமா சமைக்கணும்."

அவள் திரும்பினாள். அவர் இதுவரை பார்த்தே இராத ஒரு பெண். மோதிரத்தைக் கழற்றி அவர் கையிலிருந்த பூட்டின் மேல் வைத்தாள்.

"நான் கை ஷாட்டுக்கு மட்டும் வர்றவ சார். அக்கா மத்தியானமே போயிட்டாங்க."