முகமில்லாததின் முகம்

திருத்தங்கல் அச்சகத்தில், தகரக் கூரை ஓட்டை வழியே விழும் வெயிலில், மிஷின் ஈரத் தாள்களைத் தள்ளிக்கொண்டே இருக்கிறது. தாள் நிறையப் புஸ்வாண லேபிள்கள். ரிட்டயரான மிஷின்மேன் சங்கிலிமுத்து ஒரு தாளை மை ஒட்டாமல் விரல்நுனியில் பிடித்து நிற்கிறார். எழுத்தாளர் வேல்விழியின் திகில் கதைகளுக்கு அவரைப் போல ரசிகர் ஈரேழு உலகத்திலும் கிடையாது. பூமி பிறக்கும் முன்பிருந்தே கிணற்றுக்கு அடியில் விழித்துக் கிடக்கும் ஒன்று அந்தக் கதைகளில் வரும்; அதை அந்தம்மா ஒரு வரியிலும் வர்ணித்ததில்லை. ஆடுகள் மேய்வதை விட்டு எல்லாம் ஒரே திசையைப் பார்க்கும், அவ்வளவுதான். அதற்கே இவர் வீட்டுக் கிணற்றை விட்டுவிட்டு, பஸ்ஸேறிப் போய்க் குளித்தவர். அதன் பேரிலேயே வரும் இந்தப் புஸ்வாணத்தின் லேபிளிலோ அதற்குக் கண், மூக்கு, மீசை. வரைந்தவர், இவரோடு உட்கார்ந்து அந்தக் கதைகளைப் படித்த கூட்டாளி ஜெயபாண்டி; பக்கத்திலேயே நிற்கிறார்.

"அதுக்கு மூஞ்சி கிடையாதுன்னுதானலே எம்புட்டு நாள் பேசிப் பேசிச் சிலிர்த்தோம்? நீயே வரைஞ்சிட்டியேலே!"

"பட்டாசுக் கம்பெனிக்காரக மூஞ்சி வேணும்னாக. அந்தம்மாவும் சரின்னுட்டாக."

"அந்தம்மாவுமா?" சங்கிலிமுத்துவின் குரல் கிணற்றில் விட்ட வாளியாக இறங்குகிறது.

"யாரு மூஞ்சிய வைக்கன்னு தெரியல. சட்டுனு உன் நெனப்புதான் வந்துச்சு."

சங்கிலிமுத்து தாளை வெயிலில் பிடிக்கிறார். அவருடைய அதே ஓட்டைப் பல், அதே மூக்கு மச்சம். மிஷின் நிற்கவில்லை. தட்டில் சங்கிலிமுத்துகள் விழுந்துகொண்டே இருக்கிறார்கள். எல்லாரும் ஒரே திசையைப் பார்க்கிறார்கள்.