லியோனார்ட் வூட்டுல வுழுந்தா அவுட்

"ஏழாவது பந்து நைனா. இன்னிக்கு ரெண்டுல ஒண்ணு பாத்துடறேன்" என்று லுங்கியை மடித்துக் கட்டினான் நீலமேகம்.

ராயபுரத்தில் அந்தச் சந்துக்குள் ஞாயிற்றுக்கிழமை காலையானால் கிரிக்கெட். ஆடுவது பொடிசுகள் இல்லை. கன்டெய்னர் லாரி ஓட்டுகிறவன், வெல்டிங் அடிக்கிறவன், எல்லாம் தலை நரைக்க ஆரம்பித்த ஆட்கள். ஆனால் சட்டம் கறார். ட்ரான்ஸ்பார்மரில் பட்டால் நாலு. சாக்கடையில் விழுந்தால் ரெண்டு, அடித்தவனே எடுக்கணும். லியோனார்ட் வீட்டுக்குள் விழுந்தால் அவுட்.

லியோனார்ட் ஹார்பரில் கிரேன் ஓட்டி ரிட்டயர் ஆனவர். ஒண்டி ஆள். போன வருஷம் ஜன்னல் கண்ணாடி உடைந்தபோது, தெருவில் பந்து ஆடக்கூடாது என்று ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்தவர்.

முன்னெல்லாம் அரை மணி நேரம் திட்டிவிட்டாவது பந்தைத் தூக்கிப் போடுவார். இந்த ஒரு மாசமாக அதுவும் இல்லை. பந்து உள்ளே போகும், ஜன்னல் சாத்திக்கொள்ளும், அவ்வளவுதான்.

"இத்தினி பந்த வச்சிக்கினு இன்னாதான் பண்றாரு?" என்றான் நீலமேகம்.

"முட்டன்னு நெனச்சி மேல குந்திக்கினு அட காக்கறாரோ இன்னாவோ" என்றான் ஜெயவேல்.

எல்லாரும் சிரித்தார்கள். நீலமேகத்துக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த ஏழாவது பந்தை உள்ளே அடித்து நாற்பத்தெட்டு ரன்னில் அவுட் ஆனவன் அவன்தான். வாழ்நாளில் ஒரு தரம் கூட அவன் ஐம்பது தொட்டதில்லை.

பத்துப் பேர் கிளம்பிப் போய்க் கதவைத் தட்டினார்கள்.

கதவு ஒரு சாண் திறந்தது. லியோனார்ட் உதட்டில் விரலை வைத்தார். இன்னொரு கையில் வாட்ச்.

"சத்தம் போடாத. வாயில பந்து கீது."

"யாரு வாயில?"

"இன்னும் நாலு நிமிஷம். அப்பறம் எவ்ளோ வேணா சண்ட போடு. செருப்ப அங்கியே வுட்டுட்டு வா."

உள்ளே சோபா நடுவில் ஒரு செவலை நாய்க்குட்டி. வாய் நிறையப் பந்து. கன்னம் ரெண்டும் உப்பி, ஏதோ பெரிய உத்தியோகத்தில் இருப்பதுபோல உட்கார்ந்திருந்தது. கீழே ஆறு பந்து, அத்தனையும் சல்லடை.

"பேரு பட்டாணி. மீன் மார்க்கெட்டாண்ட பொட்டில போட்டு வுட்டுட்டுப் போய்ட்டானுங்க. எதையும் துன்னாம கத்திக்கினே இருந்திச்சி. வேப்பேரி மாட்டாஸ்பத்திரில டாக்டரம்மா வாயத் தொறந்து பாத்தாங்க. கீழ்க் கோரப்பல்லு ரெண்டும் உள்பக்கமா சாஞ்சி மொளச்சிருக்குது. வாய மூடறப்போல்லாம் மேலண்ணத்துல குத்துது. பாவம், அதும் பல்லே அதுக்கு எதிரி."

"அதுக்குப் பந்து இன்னாத்துக்கு அங்கிள்?"

"தெனம் மூணு வேள, கால் மணி நேரம் கவ்வ வெக்கணுமாம். பந்து பல்ல வெளிய தள்ளிடுமாம். ஆறு வாரத்துல திரும்பலன்னா பல்லப் புடுங்கணும்னுட்டாங்க. அது வாய அளந்து பாத்தா, நீங்க ஆடற ரப்பர் பந்து கரெக்டா கீது."

"அப்ப கடைல வாங்கறது?" என்றான் ஜெயவேல்.

"வாங்கினேன் நைனா. மோந்து பாத்துட்டு மூஞ்சத் திருப்பிக்குது. நீங்க சாக்கடைல பொரட்டி எடுத்த பந்துதான் அதுக்கு அல்வா. கழுவிக் குடுத்தாலும் வேணாங்குது."

"சொல்லி இருந்தா நாங்களே குடுத்திருப்போமே" என்றான் நீலமேகம்.

லியோனார்ட் வாட்சைப் பார்த்தார்.

"பந்து ஆடாதன்னு ஸ்டேஷன்ல எழுதிக் குடுத்த ஆளு நானு. எந்த மூஞ்சிய வச்சிக்கினு வந்து பந்து கேக்கறது?"

கால் மணி நேரம் முடிந்தது. பட்டாணி பந்தைத் துப்பிவிட்டு நீலமேகத்தின் கால் பெருவிரலை நக்கியது. சண்டை போட வந்தவன், அதன் வாயைத் திறந்து பல்லைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான்.

அடுத்த ஞாயிறு சட்டம் மாறியது. லியோனார்ட் வீட்டுக்குள் விழுந்தால் சிக்ஸர். பந்தை முதலில் சாக்கடையில் ஒரு முக்கு முக்கி எடுத்துத்தான் ஆட்டமே. ஆளாளுக்கு அந்த வீட்டைப் பார்த்தே விளாசினார்கள். ஜன்னல் கண்ணாடி ரெண்டு போச்சு. "ஒண்ணும் ஆவல, ஆடு ஆடு" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. நீலமேகம் அன்றைக்கு அறுபத்தாறு ரன்.

ஆறாவது வாரம், பந்து கொடுக்கப் போன நீலமேகத்தின் லுங்கியைப் பட்டாணி கவ்வி இழுத்தது. விரித்துப் பார்த்தான். மேலே ரெண்டு, கீழே ரெண்டு, அளவெடுத்து அடித்த மாதிரி நாலு ஓட்டை.

"அங்கிள், பல்லு செட்டாயிடுச்சி" என்று அந்த லுங்கியைத் தெரு முழுக்கக் காட்டிக்கொண்டு வந்தான்.

இனிமேல் பெரியவரைப் பேஜாரு பண்ணக் கூடாது என்று எல்லாரும் பேசி முடிவு செய்தார்கள். பழைய சட்டம் திரும்பி வந்தது. லியோனார்ட் வீட்டுக்குள் விழுந்தால் அவுட்.

அந்த ஞாயிறு எல்லாரும் பார்த்துப் பார்த்துத் தரையோடு தட்டினார்கள்.

பத்து மணிக்கு அந்த வீட்டுக் கேட் திறந்தது. வாயில் ஒன்றும் இல்லாமல் பட்டாணி முன்னால் வர, பின்னால் லியோனார்ட், இடுப்பில் கை வைத்துக்கொண்டு.

"காலைலேர்ந்து பாத்துக்கினே கீறேன். ஒரு பந்து கூட நம்ம வூட்டாண்ட வரல. இன்னா, மறுபடியும் ஸ்டேஷன்ல எழுதிக் குடுக்கணுமா?"