இரண்டாவது டேப்

கம்ப்யூட்டரை அணைக்கச் சொன்னாள் அண்ணி. எனக்குக் கை வரவில்லை.

அதன் ஹார்ட் டிஸ்க் ஒரு வாரமாக ‘டிக் டிக்’ என்று தட்டிக்கொண்டிருந்தது. அணைத்தால் மறுபடி எழுந்திருக்குமா என்பது சந்தேகம்தான். அணைக்காமல் டேப் டிரைவை உள்ளே பொருத்த முடியாது. டேப் டிரைவ் இல்லாமல் டிசைன்களை டேப்பில் பிரதி எடுக்க முடியாது.

என் எம்பிராய்டரி டிசைன்கள் எல்லாம் அதற்குள்தான் இருந்தன. பள்ளிக்கூட பேட்ஜ், ஓட்டல் துண்டின் மூலையில் வரும் பூ, ஏதோ ஒரு கால்பந்துக் குழுவின் சிங்கம். அந்தச் சிங்கத்தின் பிடரிக்கு மட்டும் ஒரு மாதம் கண்ணைக் கொடுத்திருக்கிறேன். அத்தனையும் போனால் மெஷினை விற்றுவிட்டு நானும் அண்ணனைப் போலச் சும்மா உட்கார வேண்டியதுதான்.

அண்ணன் உள்ளறையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தான். நாங்கள் வேலையை ஆரம்பித்ததிலிருந்து ஒரே பக்கத்தைப் படிக்கிறான்.

கண்ணை மூடிக்கொண்டு அணைத்தேன்.

அண்ணிக்கு ஆஸ்பத்திரியில் கம்ப்யூட்டர் பிரிவில் வேலை. நான் போன் போட்டதும் பாதி நாள் லீவு சொல்லிவிட்டு, வழியில் டிரைவையும் இரண்டு டேப்பையும் வாங்கிக்கொண்டு ஓடி வந்திருந்தாள். ஸ்க்ரூடிரைவரைப் பிடிக்கிற தோரணையே தனி. பெட்டியின் மூடியைக் கழற்றினாள். உள்ளே ஒரு தலையணைக்குக் காணும் நூல் தூசி.

“நல்லா குடித்தனம் பண்றீங்க, நாத்தனாரே.”

முகப்பிலிருந்த பிளாஸ்டிக் தகட்டைப் பெயர்த்துவிட்டு டிரைவை முன்பக்கமாக உள்ளே தள்ளினாள். பாதியில் சிக்கிக்கொண்டது. இந்த வீட்டில் எதுதான் முரண்டு பிடிக்கவில்லை என்று முணுமுணுத்தாள். உள்ளறையில் பேப்பர் சரசரத்தது.

பக்கத்துக்கு இரண்டு திருகாணி. பிறகு பட்டைக் கேபிள். டிரைவோடு வந்த கையேட்டில் படம் போட்டிருக்கிறதே, பார்க்கலாமா என்று கேட்டேன். அண்ணி பார்த்த பார்வையில் கையேட்டை மடித்து மடியில் வைத்துக்கொண்டேன்.

சுவிட்சைப் போட்டோம். ‘டிக்’ என்றது. இன்னொரு ‘டிக்’. பிறகு முனகிக்கொண்டே எழுந்தது.

ஆனால் டேப் டிரைவ் என்று ஒன்று இருப்பதையே கம்ப்யூட்டர் ஒத்துக்கொள்ளவில்லை. டிரைவின் பச்சை விளக்கு மட்டும் அணையாமல் எங்களை முறைத்தது.

கையேட்டைப் பிரித்தேன். கேபிளின் சிவப்பு ஓரம் மின்சார வயர் இருக்கும் பக்கமாக வர வேண்டும். அண்ணி தலைகீழாகச் செருகியிருந்தாள். படத்தை அவள் மூக்குக்கு நேராகப் பிடித்தேன், அவ்வளவுதான். இப்படி ஒரு வாய்ப்பு எனக்கு இனி எப்போது கிடைக்கும்?

“எங்க ஆஸ்பத்திரியில எல்லாம் சிவப்பு இந்தப் பக்கம்தான் இருக்கும்” என்றாள். காது மடல் சிவந்திருந்தது.

மறுபடி அணைக்க வேண்டும். என் சிரிப்பு அதோடு நின்றுபோனது. ஒரு முறை எழுந்ததே பெரிய விஷயம்.

கேபிளைத் திருப்பிச் செருகிவிட்டு, இந்த முறை சுவிட்சை அண்ணியே போட்டாள். இன்னொரு கையால் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் கைதான் அதிகமாக வியர்த்திருந்தது.

‘டிக் டிக்’ என்று ரொம்ப நேரம் கேட்டது. உள்ளறையிலும் சத்தமே இல்லை.

எழுந்துவிட்டது. டிரைவும் தெரிந்தது.

டேப்பைச் செருகியதும் ‘கர்ர்’ என்று ஓடியது, நின்றது, பின்னால் வந்தது, திரும்ப ஓடியது. திரையில் டிசைன்களின் பெயர்கள் ஒவ்வொன்றாக ஏறின. சிங்கம் ஏறும்போது வெட்கமில்லாமல் அழுதேன். சிங்கத்துக்கே இப்படி என்றால் கல்யாணமானால் என்ன செய்வாய் என்று அண்ணி கேட்டாள்.

டீ போட்டேன். உள்ளறைக்கு நான்தான் கொண்டுபோனேன். ஆச்சா என்று அண்ணன் மெதுவாகக் கேட்டான். வந்து பாரேன் என்றேன். பேப்பரை உயர்த்தி முகத்தை மறைத்துக்கொண்டான்.

அண்ணி அவ்வளவு சீக்கிரம் திருப்தி அடைகிறவள் இல்லை. சிங்கத்தை டேப்பிலிருந்தே திரும்ப எடுத்துத் திறந்து காட்டினாள். பிடரியில் ஒரு தையல்கூடக் குறையவில்லை. அதற்குப் பிறகுதான் இரண்டாவது டேப்பைப் போட்டு எல்லாவற்றையும் முதலிலிருந்து ஓட்டினாள்.

எதற்கு இரண்டு என்று கேட்டேன்.

ஒன்று இங்கே இருக்கட்டும், இன்னொன்று வேறு வீட்டில் இருக்க வேண்டும் என்றாள். இங்கே தீப்பிடித்தாலும் தண்ணீர் புகுந்தாலும் அது தப்பிக்கும். வாரா வாரம் புதிதாகப் பிரதி எடுத்து அங்கே கொடுத்துவிட்டு, அங்கே இருப்பதை இங்கே வாங்கிக்கொள்ள வேண்டும். நம்பிக்கையான ஆளாகப் பார்த்துக் கொடு என்றாள்.

பெட்டியை மூடினாள். ஸ்க்ரூடிரைவரைத் துடைத்து எடுத்து வைத்தாள். உடையில் ஒட்டியிருந்த நூலைத் தட்டிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டாள்.

உள்ளறைப் பக்கம் அவளும் பார்க்கவில்லை, அங்கிருந்து யாரும் வரவுமில்லை.

வாசல் வரை கூடவே போய், இரண்டாவது டேப்பை அவள் தோள்பைக்குள் போட்டேன். அண்ணி நின்றுவிட்டாள். என்னைப் பார்க்கவில்லை, பையையே பார்த்தாள்.

கோர்ட்டில் தீர்ப்பு வந்து பத்து நாள்கூட ஆகவில்லை. அண்ணனுக்கும் அவளுக்கும் இனி எந்தச் சம்பந்தமும் இல்லை என்று நீதிபதி தெளிவாகச் சொல்லிவிட்டார். எனக்கும் அவளுக்கும் என்ன என்பதைப் பற்றி அவர் வாயே திறக்கவில்லை.

“வாரா வாரம் மாத்தணும்னு நீங்கதானே சொன்னீங்க, அண்ணி.”