பழைய இடிபாடு

வெள்ளத்தில் விழுந்த சுவரை மத்தியக் குழு வந்து பார்க்கும்வரை தொடக்கூடாது என்றார் தாசில்தார். "அவங்க பாத்து எழுதினாத்தான் மாநிலத்துக்கே நிதி வரும். உங்க வீடெல்லாம் அதுக்கப்புறந்தாம்மா."

தவமணியின் மகள் இசைவாணி அந்தச் சுவருக்கடியில்தான் செத்துப்போனாள். உடலை எடுத்துவிட்டார்கள். வீட்டுக்குள் கொடியில் கிடந்த அவளுடைய பள்ளிக்கூடப் பாவாடை மட்டும் செங்கல்லுக்கடியில் மாட்டிக்கொண்டது. வெளியே நீட்டிக்கொண்டிருந்த அதன் ஓரத்தைத் தவமணி தினமும் நீவிவிடுவாள்; உருவமாட்டாள்.

குழு வருவதற்குள் இடிபாட்டின்மேல் குப்பைமேனி அடர்ந்து முளைத்துவிட்டது. காரிலிருந்து இறங்காமலே அதிகாரி இந்தியில் ஏதோ கேட்டார். கார் நகர்ந்தது.

"பழைய இடிபாடான்னு கேக்குறாரும்மா," என்ற தாசில்தார் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "இனிமே நீங்க அள்ளிக்கலாம்."

தவமணி மண்டியிட்டுச் செடிகளைப் பிடுங்கத் தொடங்கினாள்.

"அவங்களத் திருப்பிக் கூப்பிடுங்க சார். இப்பப் பாருங்க, நேத்து விழுந்த மாதிரிதான இருக்கு."