நட்சத்திர ஆமையின் மனு

"புலி வேணாம் மிஸ். எனக்கு ஆமைதான் வேணும்."

நாலாம் வகுப்பு ஓவியா மேசை முன்னால் வந்து நின்று இப்படிச் சொன்னதும் ஜெரூஷா டீச்சருக்கு வியப்பாக இருந்தது. அழிந்துவரும் விலங்குகளின் பெயர்களைச் சீட்டுகளில் எழுதிப் போட்டு, ஆளுக்கு ஒன்று எடுக்கச் சொல்லியிருந்தாள். எடுத்த விலங்கைக் காகிதக் கூழில் செய்ய வேண்டும். அந்த விலங்கே மனிதர்களுக்கு எழுதுவதுபோல் ஒரு மனு எழுதி, பெற்றோர் தினத்தன்று மேடையில் படிக்க வேண்டும். வகுப்பே புலிக்கு அடித்துக்கொண்டது. அந்தச் சீட்டு கிடைத்தது ஓவியாவுக்கு. அவளோ அதை ஹரிபிரசாத்திடம் கொடுத்துவிட்டு, அவனுடைய நட்சத்திர ஆமையை வாங்கி வந்திருந்தாள்.

மற்ற பிள்ளைகள் வால் எவ்வளவு நீளம், பல் எத்தனை என்று கேட்டார்கள். ஓவியா கேட்டவை வேறு. சிமெண்டுத் தரையிலேயே இருந்தால் ஆமைக்குக் கால் வலிக்குமா? சோறு மட்டுமே போட்டால் என்ன ஆகும்? திரும்பக் காட்டில் விட்டால் பிழைக்குமா?

அவள் செய்த ஆமையும் வேறு மாதிரி இருந்தது. படத்தில் ஓடு சீராக வளைந்திருந்தது. அவளுடையதில் கட்டங்கள் தாறுமாறாகப் புடைத்து, ஓடே ஒரு பக்கமாகக் கோணியிருந்தது. படத்தைப் பார்த்துச் செய்யச் சொன்னாள் ஜெரூஷா.

"நான் பாத்த மாதிரிதான் செஞ்சேன் மிஸ்."

ஜெரூஷாவுக்குச் சுருக்கென்றது. வீட்டில் அடைத்து, கண்டதையும் தின்னக் கொடுத்தால் ஆமையின் ஓடு இப்படிக் கோணிப்போகும் என்று முந்தின நாள்தான் படித்திருந்தாள். எங்கே பார்த்தாய் என்று கேட்டாள். ஓவியா கை கழுவ ஓடிவிட்டாள்.

அன்று மாலையே ஜெரூஷா அவள் வீட்டுக்குப் போனாள். ஊரப்பாக்கம் ஸ்டேஷனுக்குப் பின்னால் ஒற்றை அறை வீடு. ஓவியாவின் அம்மா எல்லம்மா அப்போதுதான் மூன்று வீடுகளில் பாத்திரம் தேய்த்துவிட்டு வந்திருந்தாள். அந்த ஆமையை யாரும் வீட்டில் வளர்க்கக் கூடாது, சட்டப்படி தப்பு, இருந்தால் கொடுத்துவிடுங்கள், வனத்துறையிடம் நான் பேசுகிறேன் என்று ஜெரூஷா பக்குவமாக எடுத்துச் சொன்னாள்.

"எங்க வூட்ல இன்னா கீது டீச்சர்? நாலு குடம், ஒரு பீரோ. நீங்களே பாத்துக்கோங்க."

சொன்னாளே தவிர, டீச்சர் முகத்தைப் பார்க்காமலே டீ கிளாஸை நீட்டினாள். எங்கேயோ ஒளித்து வைத்திருக்கிறார்கள் என்று முடிவுகட்டிக்கொண்டு ஜெரூஷா வெளியே வந்தாள்.

மறுநாள் ஓவியா தன் ஆமையை வாளித் தண்ணீரில் போட்டுக் கரைத்துவிட்டாள். மனு எழுதிய தாளையும் திருப்பிக் கொடுத்தாள். மேடையில் எதுவும் படிக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டாள்.

தான் போய் நின்றதால்தான் குழந்தை பயந்துவிட்டாள் என்று ஜெரூஷாவுக்கு மனசு அடித்துக்கொண்டது. ஆனால் ஓவியா ஓயவில்லை. சாப்பாட்டு நேரத்திலும், பள்ளி விட்ட பிறகு வாட்ச்மேன் வந்து கூப்பிடும்வரையிலும் புதிதாக ஓர் ஆமையைச் செய்துகொண்டிருந்தாள். பிடிக்காமல் இரண்டு முறை கலைத்தாள். மஞ்சளைக் கலக்கிக் கலக்கிப் பார்த்தாள். யாருக்கும் காட்டாமல் துணி போட்டு மூடியே வைத்திருந்தாள். படத்தில் உள்ளபடி அழகாக ஒன்று செய்கிறாள்போல என்று ஜெரூஷா விட்டுவிட்டாள்.

பெற்றோர் தினத்துக்கு வனத்துறையிலிருந்து ஒரு பெண் அதிகாரி வந்திருந்தார். அவர் பக்கத்தில் தலைமை விருந்தினர் ஜெயவேலு. அவர் குடும்பம் நெல் பயிரிட்ட நிலத்தில்தான் இப்போது பள்ளி நிற்கிறது. இடத்தைச் சும்மா கொடுத்த மனிதர் என்பதால் ஊரில் அவருக்குத் தனி மரியாதை.

ஹரிபிரசாத்தின் புலி காடு கேட்டது. இன்னொருத்தியின் கடலாமை, கரையில் விளக்கை அணைக்கச் சொன்னது. ஓவியாவின் முறை வந்தது. அவள் மைக் பக்கமே போகவில்லை. நேராக ஜெயவேலுவிடம் போய், துணியை எடுத்துவிட்டு ஆமையை இரண்டு கையாலும் நீட்டினாள்.

ஜெரூஷா திடுக்கிட்டாள். அது முதலில் செய்ததைவிடக் கோணலாக இருந்தது.

ஜெயவேலு அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் முகம் மலர்ந்தது. விருந்தினர்களுக்குக் கொடுத்திருந்த மைக்கிலேயே பேசினார்.

"அட, நம்ம வூட்டு ஆம ராசி மாதிரியே கீதே. பைக் ஏறி ஓரம் சில்லு போச்சே, அதக்கூட வுடல பாரு."

கூட்டம் சிரித்தது. அந்த அதிகாரி மட்டும் சிரிக்கவில்லை. எந்த வீட்டு ராசி சார் என்று மெதுவாகக் கேட்டார்.

ஜெயவேலுவின் கை அப்படியே நின்றது. பிறகு மைக்கை அணைத்துவிட்டு, தப்புதான் மேடம், இன்றைக்கே வந்து எடுத்துக்கொண்டு போங்கள் என்றார்.

கடைசி வரிசையில் எல்லம்மா வாயைப் பொத்திக்கொண்டு எழுந்து நின்றாள். ஜெரூஷா மேடையோரம் நின்ற ஓவியாவிடம் போய்க் குனிந்தாள்.

"அம்மா அவங்க வீட்லயும் வேலை செய்றாங்க மிஸ்" என்றாள் ஓவியா மெல்லிய குரலில். "ஆமை யார் வீட்ல இருக்குன்னு வாயத் திறக்கக் கூடாதுன்னு நீங்க வந்துட்டுப் போன அன்னிக்கே சத்தியம் வாங்கிட்டாங்க. நான் வாயத் திறக்கவே இல்லல்ல மிஸ்?"