மதராஸுக்குப் போன மெழுகு முகம்

"அசையாம நில்லுய்யா!"

ஆம்ப்ரோஸ் கணப்பருகே நின்றவனின் தாடையைத் திருப்பி, பக்கத்தில் ஒரு சட்டத்தைத் தூக்கிப் பிடித்தான். உள்ளங்கை அகலச் சட்டத்துக்குள் மெழுகில் புடைத்து நின்றது, ஆம்ப்ரோஸின் அண்ணன் ரோலண்டின் பக்கவாட்டு முகம்.

"நெருப்புகிட்ட கொண்டு போகாதீங்க தம்பி, மூக்கு உருகிடும்" என்றாள் அண்ணி டாமரிஸ். குரலில் பதற்றமே இல்லை.

ரோலண்ட் பிரிஸ்டலில் கப்பலேறி மதராஸுக்குப் போய் ஒன்பது வருடமாகிறது. போகுமுன் கணவனும் மனைவியும் மெழுகில் முகம் செய்துகொண்டார்கள். அவன் முகம் அவளிடம், அவள் முகம் அவனோடு.

அவன் திரும்பாவிட்டால் வீடு தம்பிக்கு. நேற்று இந்த ஆள் வந்து, "நான்தான் ரோலண்ட்" என்று வாசலில் நின்றபோது டாமரிஸுக்கு அழுகையும் வரவில்லை, சந்தோஷமும் வரவில்லை. காத்துக் காத்து மனசு மரத்துப் போயிருந்தது.

"மூக்கு ஒத்து வரலையே?" என்றான் ஆம்ப்ரோஸ்.

"கப்பல்ல விழுந்து உடைஞ்சுதுடா."

"சரி, அண்ணி முகம் எங்க? காட்டு பாப்போம்."

"வர்ற வழியில கடலோட போச்சு. அந்த ஊரு வெயில் உனக்கென்னடா தெரியும்? ஏத்தாத மெழுகுவத்தியே தலை சாஞ்சுடும். அங்க எனக்கு ஒரே ஆறுதல், கட்டிலுக்கு எதிர்ச் சுவத்துல மாட்டியிருந்த இவ முகம்தான். நீல ரிப்பன், கொண்டையில பொடி முத்து. நான் கப்பலேறுற வரைக்கும் புருவம்கூடக் கலையல!"

ரிப்பனும் முத்தும் சரிதான். ஆம்ப்ரோஸின் முகம் தொங்கிப் போயிற்று.

"நீங்களே சொல்லுங்க அண்ணி. இந்த ஆளு எங்க அண்ணன்தானா? ஆமான்னா இந்த வாசப்படிய நான் மிதிக்கல. இல்லைன்னா நாளைக்கே நீங்க பெட்டியக் கட்டிக்குங்க."

டாமரிஸ் அந்த மனிதனை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தாள்.

"அவர்தான்."

ஆம்ப்ரோஸ் சட்டத்தை மேஜைமேல் வைத்தான்; தொப்பியை எடுத்துக்கொண்டு, கதவை அறைந்து சாத்திவிட்டுப் போனான். வந்தவன் அப்பாடா என்று நாற்காலியில் சாய்ந்தான்.

"பாத்தியா, நீயாவது என்னைக் கண்டுபிடிச்சியே!"

டாமரிஸ் சட்டத்தைக் கவிழ்த்து வைத்தாள். தேநீர் ஊற்றிக் கோப்பையை அவன் பக்கம் நகர்த்தினாள்.

"குடிங்க. மெழுகுவத்தியே தலை சாயுற ஊர்ல மெழுகு முகம் மட்டும் கலையாம இருக்குமா? குடிச்சிட்டுச் சொல்லுங்க, என் புருஷன் எப்படிச் செத்தாரு?"